பூனைக்கு ஒரு பல்லக்கு



'பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பதா?' என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்று நம்பிய காலத்தில், அந்தப் பூனையையே உடன் எடுத்துக்கொண்டு நல்ல சகுனத்தை எதிர்பார்ப்பவனை நகையாடுவதற்காக எழுந்த மொழி அது. சகுனத்தைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. அப்பழமொழியில் மறைந்திருக்கும் மற்றொரு செய்தியே என் மனத்தைக் கவர்கிறது. பூனையை மடியில் கட்டிக்கொண்டு ஒருவன் புறப்பட்டான் அல்லவா? அவன் எவ்வளவு தூரம் போயிருப்பான்? பூனையின் குணம் அறிந்த எவரும், தெருக்கோடிவரைகூட அவன் போயிருக்கமாட்டான் என்றே சொல்வார்கள். மடியும் கிழிந்திருக்கும், கையும் கிழிந்திருக்கும், பூனை யாரோ ஒருவர் வீட்டுக் கூரையின்மேல் இருந்திருக்கும்.

பூனையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எப்படிக் கொண்டுசெல்வது? அதற்கு ஏற்ற பெட்டி எது? இதுவே இன்றைய பேச்சின் பொருள். 'இதுவும் ஒரு பொருளா?' என்று உங்களிற் சிலர் எண்ணலாம். எங்கள் தெருவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். கேட்டபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். ஓர் ஆண் பூனையை ஆறு ஆண்டுகளாக அவர் வளர்த்துவந்தார். ஒருநாள் காலையில் அது மணல் தட்டிற்கு மீண்டும் மீண்டும் போய்க் குந்தியது, முனகியது, ஒரு துளி சிறுநீரும் வெளிவரவில்லை. ஆண் பூனைக்குச் சிறுநீர் வழி மிகக் குறுகியது. பொடி மணல் போன்ற பொருள் அதில் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாட்களுக்குள் உயிருக்கே ஆபத்து நேரும். காலத்தில் வைத்தியரிடம் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இதனை ஆசிரியையும் அறிந்திருந்தார். ஆனால் எதில் வைத்துக் கொண்டுபோவது? வீட்டில் பெட்டி இல்லை. அஞ்சி ஓடி ஒளிந்த பூனையைப் பிடிப்பதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. இறுதியில் அதை ஒரு துணிப்பைக்குள் இட்டு, பையின் வாயைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, ஆட்டோவில் ஏறினார். நாற்சந்தியில் பக்கத்து லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவ்வளவுதான். பை கிழிந்தது, பூனை பாய்ந்தது, வண்டிகளுக்கிடையே மறைந்தது. தெருப் பிள்ளைகள் இருட்டும்வரை தேடினார்கள். மறுநாள் காலையில் ஒரு கடையின் படிக்கட்டுக்கு அடியில் அதைக் கண்டெடுத்தபோது காலம் கடந்துவிட்டது.

அந்தப் பூனையின் நோய்க்குச் சிகிச்சை இருந்தது. சிகிச்சை செய்ய வைத்தியர் இருந்தார். செலவு செய்யப் பணமும் இருந்தது. இடையிலிருந்த வழியைக் கடப்பதற்கு ஒரு பெட்டிதான் இல்லாமற் போயிற்று.

இனி, பூனையின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். பூனைக்குப் பிரயாணம் என்பதே முற்றிலும் புதியதா? அன்று. மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் என்ற தீவு இருக்கிறது. அங்கே சில்லூரோகாம்போஸ் என்னும் இடத்தில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியைத் தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அதில் மனித எலும்புக்கூடு ஒன்றின் அருகிலேயே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கிடந்தது. இச்செய்தி 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சைப்ரஸ் தீவு பூனையின் தாயகம் அன்று. ஆகவே யாரோ சிலர் பூனைகளைப் படகில் ஏற்றிக் கடல் கடந்து அங்கே கொண்டுவந்திருக்க வேண்டும். எழுத்தும் சக்கரமும் தோன்றுவதற்கு முன்பே பூனை மனிதனோடு கடற்பிரயாணம் செய்துவிட்டது!

பிற்காலத்திலும் கப்பல்களில் எலியை ஒழிப்பதற்குப் பூனைகளை வளர்த்தார்கள். மாத்யூ பிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலக் கடலோடி 1802, 1803ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றிவந்தார். அவருடன் டிரிம் என்ற பூனையும் சென்றது. சிட்னி நகரத்து நூலகம் ஒன்றின் வெளியே இன்று அப்பூனைக்குச் சிலைகூட இருக்கிறது.

'அப்படியானால் நம் வீட்டுப் பூனை மட்டும் ஏன் இவ்வளவு அஞ்சுகிறது?' என்று கேட்பீர்கள். விடை எளியது. டிரிம் கப்பலிலே பிறந்தது, கப்பலிலே வளர்ந்தது. கப்பலே அதற்கு வீடு. வீடு நகர்ந்ததே ஒழிய, பூனை வீட்டைவிட்டு நகரவில்லை. நம் பூனையையோ நாம் வீட்டிலிருந்து பிரித்து எடுக்கிறோம். நாய் தன் எஜமானனையே உலகமாகக் கொள்ளும் பிராணி. பூனை தன் இடத்தை உலகமாகக் கொள்ளும் பிராணி. அதன் கன்னத்தில் மணம் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் நம் காலிலும் அது முகத்தை உராய்ந்து செல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'இது என் இடம். இங்கே அச்சமில்லை' என்று அது மணத்தால் எழுதிவைக்கும் எழுத்து அது. வீட்டைவிட்டு வெளியே வந்தவுடன் அந்த எழுத்து ஒன்றும் அதற்குத் தென்படுவதில்லை.

காதையும் கவனியுங்கள். மனிதன் வினாடிக்கு 20,000 அதிர்வுகள்வரை உள்ள ஒலியைக் கேட்கிறான். பூனையோ ஏறத்தாழ 85,000 அதிர்வுகள்வரை கேட்கும் என்று அளந்திருக்கிறார்கள். நமக்கு மௌனமாகத் தோன்றும் இடத்திலேயே அதற்கு ஓசை உண்டு. அப்படியானால் நம் நகரத்து நாற்சந்தி அதற்கு எப்படி இருக்கும்?

அச்சம் வந்தபோது பூனை என்ன செய்கிறது? ஒளிந்துகொள்கிறது. கட்டிலின் அடியில், அலமாரியின் பின்னால், நெல்லுப் பானைக்கு அப்பால் என்று ஓர் இருண்ட மூலையைத் தேடுகிறது. நெதர்லாந்து நாட்டில் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை செய்து, 2014இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். பிராணிகள் காப்பகத்திற்குப் புதிதாக வந்த பூனைகளிற் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டிகளைக் கொடுத்தார்கள், மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி பெற்ற பூனைகளின் கலக்கம் விரைவில் தணிந்தது. இதிலிருந்து நாம் அறிவது யாது? பெட்டி என்பது பூனைக்குச் சிறை அன்று. தக்க முறையில் அமைந்தால் அதுவே அதற்கு அரண் ஆகும். பிரயாணப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் முதல் தத்துவம் இதுதான். நமக்கு எளிதாகத் தூக்க வருமா என்பதை மட்டும் பாராமல், பூனைக்கு அது ஒளிவிடம் ஆகுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைகளில் இதற்குக் 'கேரியர்' என்று பெயர். நமக்குக் கேரியர் என்றவுடன் சாப்பாட்டு அடுக்குதான் நினைவுக்கு வரும். பெயர் எதுவானாலும், வாங்கப்போகும்போது ஐந்து கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். அளவு சரியா? காற்று வருமா? கதவு உறுதியா? திறப்பது எளிதா? கழுவ முடியுமா? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, அளவு. விமானப் போக்குவரத்து நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த சர்வதேசச் சங்கம் ஒன்று உண்டு. 1945இல் ஹவானா நகரில் தோன்றிய சங்கம் அது. உயிருள்ள பிராணிகளை விமானத்தில் அனுப்புவதற்கு அது விதிகள் வகுத்திருக்கிறது. பிராணி பெட்டிக்குள் இயல்பாக நிற்கவும், திரும்பவும், உட்காரவும், படுக்கவும் இடம் வேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம். அதற்கு ஓர் எளிய கணக்கும் தந்திருக்கிறார்கள். மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை பூனையின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை மூட்டுவரை உள்ள உயரத்தை அளந்து, அதில் பாதியை நீளத்தோடு கூட்டுங்கள். அதுவே பெட்டியின் நீளம். தோள்களின் அகலத்தை இரட்டித்தால் பெட்டியின் அகலம். நிற்கும் பூனையின் காது நுனிவரை உள்ள உயரத்தோடு விரிப்பின் கனத்தைச் சேர்த்தால் பெட்டியின் உயரம்.

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். பூனையின் நீளம் 45 சென்டிமீட்டர். முழங்கை உயரம் 16. தோள் அகலம் 14. காது நுனிவரை உயரம் 33 என்று கொள்வோம். பெட்டியின் நீளம் 45உடன் 8 சேர்ந்து 53, அகலம் 28, விரிப்புக்கு 3 சென்டிமீட்டர் விட்டால் உயரம் 36. இந்த அளவுக்குக் குறைந்த பெட்டியில் பூனை உடலை ஒடுக்கிக்கொண்டு துன்புறும். பெரியதாக வாங்கினால் நல்லதுதானே என்று எண்ணிவிடாதீர்கள். மிகப் பெரிய பெட்டியில், வண்டி திரும்பும்போதெல்லாம் பூனை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குச் சறுக்கி மோதும். அணைத்தாற்போல இருக்கும் சுவரே அதற்கு ஆறுதல். குட்டிக்குப் பெட்டி வாங்குவோர் அது வளர்ந்தபின் எட்டும் அளவை எண்ணி வாங்கி, இப்போதைக்கு மடித்த துணிகளால் இடத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு பூனைகள் இருந்தால் இரண்டு பெட்டிகள் வேண்டும். வீட்டில் உயிர் நண்பர்களாக இருப்பவைகூட, அச்சத்தில் ஒன்றையொன்று கடித்துக்கொள்வது உண்டு.

இரண்டாவது, காற்று. நான் சொன்ன விமான விதியின்படி, பெட்டியின் நான்கு பக்கங்களின் மொத்தப் பரப்பில் குறைந்தது 16 சதவீதம் காற்றுத் துளைகளாக இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டுப் பெட்டிக்கு நான்கு பக்கங்களின் பரப்பு 5,832 சதுர சென்டிமீட்டர். அதில் 16 சதவீதம் ஏறத்தாழ 933. அதாவது, முப்பது சென்டிமீட்டர் சதுரமான ஒரு சன்னலை வெட்டிப் பல துளைகளாகப் பங்கிட்டாற்போல இருக்க வேண்டும். துளைகள் பல பக்கங்களிலும் இருப்பது நலம். ஒரு பக்கம் மறைந்தாலும் மறுபக்கம் காற்று வரும். ஆனால் பூனையின் மூக்கோ பாதமோ வெளியே நீளும் அளவுக்குத் துளை பெரிதாக இருத்தலாகாது.

நம்முடைய வெயில் நாட்டில் இது உயிர் நாடியான செய்தி. பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி சென்டிகிரேடு. நம்மைப்போல உடல் முழுதும் வியர்த்து அது வெப்பத்தைப் போக்கிக்கொள்ள முடியாது. நாய் நாக்கை நீட்டி இளைப்பது இயல்பு. பூனை வாயைத் திறந்து இளைத்தால் அது அபாய அறிவிப்பு. உடனே நிழலுக்கும் காற்றுக்கும் கொண்டுபோக வேண்டும். தணியாவிட்டால் தாமதமின்றி வைத்தியரை நாட வேண்டும். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் பூனைப் பெட்டியை ஐந்து நிமிஷம்கூட விட்டுச் செல்லுதல் கூடாது.

மூன்றாவது, கதவு. பூனை மதிநுட்பம் உடையது. அச்சத்தில் அதன் வலிமையும் கூடும். துணிப்பையின் பல்லிணைப்பில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். மூக்கை நுழைத்துத் தள்ளித் திறந்துவிடும். ஆகவே கதவைக் கடையிலேயே சோதியுங்கள். மூடிய கதவை உள்ளிருந்து தள்ளுவதுபோலக் கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். உலோகக் கம்பிக் கதவும், மேலும் கீழும் துளைகளில் ஆழப் பதியும் கம்பித் தாழ்ப்பாளும் நல்லவை. மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் இணைக்கும் கொக்கிகளையும் அசைத்துப் பாருங்கள். பெட்டியைப் பிடியால் தூக்கியபோது அடிப்பாதி கழன்று விழுந்து, பூனை தெருவில் ஓடிய கதைகள் பல.

நான்காவது, திறப்பு. முன்புறம் மட்டும் கதவுள்ள பெட்டியில் பூனையை நுழைப்பது கடினம். வெளியே எடுப்பது அதனினும் கடினம். வைத்தியசாலையில் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுகிறார்கள் சிலர். இது பூனைக்குப் பெருந்துன்பம். மேற்புறமும் ஒரு கதவு இருந்தால் கையால் மெல்ல இறக்கலாம், மெல்ல எடுக்கலாம். மேல் பாதி முழுவதும் கழலக்கூடியதானால் இன்னும் சிறப்பு. மூடியை எடுத்துவிட்டால், பூனை தன் விரிப்பின்மேல் கீழ்ப்பாதியில் அமர்ந்திருக்கும்போதே வைத்தியர் அதைச் சோதித்துவிடலாம். பூனையும் சீறாது, வைத்தியரின் கையும் பிழைக்கும்.

ஐந்தாவது, தூய்மை. அச்சத்தில் பூனை சிறுநீர் கழிக்கலாம். வண்டி ஆட்டத்தில் வாந்தி எடுக்கலாம். நீரூற்றிக் கழுவி வெயிலில் உலர்த்தக்கூடிய பெட்டியே ஏற்றது. பழைய நாற்றம் தங்கிய பெட்டி, அடுத்த முறை பூனைக்குப் பழைய அச்சத்தையும் நினைவூட்டும்.

இந்த ஐந்து கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, கடையில் உள்ள வகைகளைப் பாருங்கள். பிரம்புக் கூடை கண்ணுக்கு அழகு, காற்றும் வரும். ஆனால் இடுக்குகளில் அழுக்குச் சேரும், கழுவ இயலாது, பூனை நகத்தைப் பின்னலில் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும். துணிப்பெட்டி எடை குறைந்தது; மடித்து வைக்கலாம். அடங்கிய குணமுள்ள பூனைக்கும் குறுகிய தூரத்திற்கும் அது போதும். கீறும் பூனைக்குப் போதாது. கம்பிக் கூண்டில் காற்று மிகுதி, உறுதியும் உண்டு. ஒளிவிடம் மட்டும் இல்லை. ஆகவே அதன்மேல் துணி போர்த்த வேண்டும். முதுகில் மாட்டிக்கொள்ளும் பை ஒன்று இப்போது பலரைக் கவர்கிறது. கண்ணாடிபோல் தெளிந்த குமிழ் ஒன்றின் வழியே பூனை வேடிக்கை பார்க்கும். பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கைதான்; ஒளிய விரும்பும் பூனைக்கோ உலகம் முழுவதும் தன்னைப் பார்ப்பதுபோல் இருக்கும். வெயிலில் அக்குமிழுக்குள் வெப்பமும் ஏறும். எல்லாம் எண்ணிப் பார்த்தால், முன்னும் மேலும் கதவுள்ள, மேல் பாதி கழலக்கூடிய கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியே பெரும்பாலான வீடுகளுக்குப் பொருத்தமானது.

இனி, வண்டியில் வைக்கும் முறை. இங்கே பௌதிக மாணவர்களுக்கு ஒரு கணக்கு. 4 கிலோ எடையுள்ள பூனை, 2 கிலோ பெட்டியில் இருக்கிறது. கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எதன்மீதோ மோதி, வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, அந்தப் பெட்டியை நிறுத்துவதற்கு 6 கிலோவை 140ஆல் பெருக்கிய 840 நியூட்டன் விசை வேண்டும். அது ஏறத்தாழ 86 கிலோ எடையைத் தாங்கும் விசைக்குச் சமம். மடியில் வைத்திருப்பவர் அந்தக் கணத்தில் அதைப் பிடித்துக்கொள்ள முடியுமா? முடியாது. பெட்டியின்றிப் பூனையை மட்டும் மடியில் வைத்திருந்தாலும், அந்தக் கணத்தில் அது 57 கிலோ எடைபோல் கையைவிட்டுப் பறிக்கும். ஆதலால் காரில், முன் இருக்கைக்குப் பின்னால் உள்ள கால்வைக்கும் இடத்தில் பெட்டியை அசையாமல் பொருத்தி வைப்பது நலம். அங்கே இருக்கையின் முதுகு அதற்குச் சுவர் ஆகிறது. ஆட்டோவிலும் அவ்வாறே, காலடியில் வைத்து இரு கால்களாலும் அணைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கையால் பிடியைப் பற்றித் தண்ணீர்க் குடம்போல் ஆட்டிக்கொண்டு நடப்பது தவறு. அடியில் கைகொடுத்து மார்போடு அணைத்துத் தூக்குங்கள்.

இவ்வளவும் இரக்கத்தின் பாற்பட்டவை மட்டும் அல்ல. சட்டத்தின் பாற்பட்டவையும் ஆகும். நம் நாட்டில் பிராணிகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க 1960இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அதற்கு வித்திட்டவர் கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்கள் அவையின் உறுப்பினராக இருந்தபோது தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்து, அதற்காக அவர் வாதாடினார். 1962இல் தோன்றிய பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. எந்தப் பிராணியையும் தேவையற்ற வேதனை உண்டாகும் வகையில் கொண்டுசெல்வதும், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும் அச்சட்டப்படி குற்றம். பிராணிகளை ஏற்றிச் செல்வதற்கென்றே 1978இல் தனி விதிகள் வந்தன. அவற்றில் நாய்க்கும் பூனைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. கோணிப்பையில் பூனையைக் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவருவதை வழக்கமாகக் கொண்டிருந்த நாட்டில், இது ஒரு பெரிய மாறுதல் அல்லவா?

நல்ல பெட்டியை வாங்கிவிட்டோம். அதைப் பரண்மேல் போட்டுவைத்து, வைத்தியரிடம் போகும் நாளில் மட்டும் இறக்கினால் என்ன ஆகும்? பரண் ஏணியைச் சாத்தும் ஓசை கேட்டவுடன் பூனை மறைந்துவிடும். பெட்டி என்றால் ஊசி என்று அது கற்றுக்கொண்டிருக்கும். வியன்னா நகரத்துக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் 22 பூனைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து, 2018இல் வெளியிட்டார்கள். பாதிப் பூனைகளுக்குப் பெட்டியில் நுழையவும் அமரவும் சில வாரங்கள் தின்பண்டம் கொடுத்துப் பழக்கினார்கள். பழகிய பூனைகள் கார்ப் பிரயாணத்தில் கலக்கம் குறைந்திருந்தன. வைத்தியப் பரிசோதனையும் விரைவில் முடிந்தது.

நீங்களும் இதைச் செய்யலாம். கதவைத் திறந்து, அது தானே மூடிக்கொள்ளாதபடி கட்டிவைத்து, பெட்டியைக் கூடத்தின் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். பூனை வழக்கமாகப் படுக்கும் துணியை உள்ளே விரியுங்கள். வீட்டு மணம் அதனோடு செல்லும். நாள்தோறும் ஒரு கருவாட்டுத் துண்டையோ வேறு விருப்பமான உணவையோ முதலில் வாசலிலும், பிறகு சற்று உள்ளேயும், பிறகு பின்கோடியிலும் வையுங்கள். தானே போய் உறங்கத் தொடங்கியபின் கதவை ஒரு நிமிஷம் மூடித் திறவுங்கள். பின்பு பெட்டியைத் தூக்கி அறையைச் சுற்றி வாருங்கள். வற்புறுத்தல் கூடாது, அவசரமும் கூடாது.

புறப்படும் நாளுக்கும் சில குறிப்புகள் உண்டு. வளர்ந்த பூனைக்குப் பிரயாணத்திற்குச் சில மணி நேரம் முன்பிருந்து வயிறு நிறைய உணவு கொடுக்க வேண்டா. பெட்டியை மெல்லிய துணியால் போர்த்துங்கள். காற்று வர இடம் விடுங்கள். பெட்டியின்மேல் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். காத்திருக்கும் அறையில் பெட்டியைத் தரையில் வையாமல் நாற்காலியின்மேல் வையுங்கள். நாய் இருக்கும் பக்கம் கதவு நோக்கலாகாது. மயக்க மருந்து எதையும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

பெட்டி வாங்க இயலாத வேளையில் ஆபத்து வந்தால் என்ன செய்வது? ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் துணிக்கூடைகளை எடுத்து, ஒன்றில் விரிப்பையும் பூனையையும் வைத்து, மற்றதை வாயோடு வாயாகக் கவிழ்த்து, சுற்றிலும் கயிற்றால் பல இடங்களில் இறுகக் கட்டுங்கள். காற்றும் வரும், பூனையும் தப்பாது. இது ஆபத்துக்குரிய வழியே. நிரந்தர வழி அன்று.

நண்பர்களே, நம் முன்னோர் அரசருக்கும் தெய்வத்திற்கும் பல்லக்குச் செய்தார்கள். பல்லக்கின் சிறப்பு அதிலுள்ள பொன்னிலும் மணியிலும் மட்டும் இல்லை. உள்ளிருப்பவர் குலுங்காமல், வெயில்படாமல், அச்சமின்றிப் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணமே அதன் சிறப்பு. வாயில்லாத ஒரு சிறு பிராணிக்கும் அதே எண்ணத்தோடு நாம் ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்தால், அதுவும் பல்லக்கே.

எங்கள் தெரு ஆசிரியை வீட்டில் இப்போது ஒரு பெண் குட்டி வளர்கிறது. சென்ற வாரம் அங்கே போயிருந்தேன். கூடத்து மூலையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் கதவு பின்புறமாகத் திருப்பிக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. உள்ளே, ஆசிரியையின் பழைய புடைவைத் துண்டின்மேல், குட்டி சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தது. "இதற்கு ஒரு நோயும் இல்லை. எங்கேயும் போகவும் வேண்டியதில்லை. இருந்தாலும் பெட்டி இருக்கட்டும்" என்றார் அவர்.